பணியிட மிரட்டல் புகாரை விசாரிப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

எச்.ஆர். பிரிவில் சேர்ந்து சில மாதம்கூட ஆகாத ஒருவரின் மேசைக்குப் புகார் ஒன்று வருகிறது. சூப்பர்வைசர் தினமும் எல்லோர் முன்னாலும் திட்டுகிறார், யாரும் நிற்க விரும்பாத மெஷினிலேயே திரும்பத் திரும்பப் போடுகிறார், லீவு கேட்டால் கேலி செய்கிறார். மேலதிகாரி ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்: "விசாரிச்சு முடிச்சிருங்க." எப்படி விசாரிப்பது என்று சொல்லித்தர ஆளில்லை. தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளிலும் தனியார் நிறுவனங்களிலும் அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது.

விசாரணை என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது உண்மையறிதல்: என்ன நடந்தது, மேல்நடவடிக்கைக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது உள்விசாரணை: குற்றச்சாட்டைக் குறிப்பாணையாக (சார்ஜ் மெமோ) எழுதிக் கொடுத்து, புகாருக்கு உள்ளானவர் முன்னிலையில் சாட்சிகளை விசாரித்து, அவருக்குக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பைக் கொடுப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பெரும்பாலான விசாரணைகள் கெட்டுப்போகின்றன. தனியறையில் நாலு பேரிடம் எழுதி வாங்கிய வாக்குமூலத்தை வைத்து ஒருவரை வேலையிலிருந்து நீக்கிவிடுகிறார்கள். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனதும், விசாரணை முறையாக நடந்ததா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் நிர்வாகம் அத்தனையையும் நீதிமன்றத்தில் புதிதாக நிரூபிக்க வேண்டும். அதற்குள் சாட்சிகள் வேலை மாறிப் போயிருப்பார்கள். உண்மையிலேயே துன்பப்பட்ட புகார்தாரர் அப்போது இரண்டாவது முறையாகத் தோற்கிறார்.

புகார் வந்த அன்றே செய்ய வேண்டியவை

முதல் வேலை, புகார் எந்த வகை என்று பிரிப்பது. பாலியல் துன்புறுத்தல் என்றால் எச்.ஆர். அதைத் தொடக்கூடாது, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்ட உள்ளகக் குழுவுக்குப் போக வேண்டும். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியதாகப் பட்டியலினத்தவர் அல்லது பழங்குடியினர் ஒருவர் சொன்னால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகக் கூடிய விஷயம். காவல்துறைக்குப் போக அவருக்கு உரிமை இருக்கிறது என்று அவரிடமே சொல்ல வேண்டும். "உள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று யாரும் சமாதானம் பேசக்கூடாது. அடிதடி என்றாலும் அப்படித்தான். போலீஸ் வழக்கு நடப்பதால் கம்பெனி விசாரணையை நிறுத்த வேண்டும் என்று பொதுவிதி எதுவும் கிடையாது.

இவை தவிர்த்த மிரட்டல், அவமதிப்பு, ஓரங்கட்டுதல் ஆகியவற்றுக்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. உங்கள் நிறுவனத்தின் நிலையாணைகள் (ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ் எனப்படும் வேலை விதிகள்) அல்லது நடத்தை விதிகளில் எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கீனமான நடத்தை, உடன் பணிபுரிபவரை மிரட்டுதல் என்பது போன்ற பிரிவுகள் ஏறக்குறைய எல்லா நிலையாணைகளிலும் இருக்கும்.

அடுத்தது, புகாரை எழுத்தில் பதிவது. புகார்தாரர் தமிழில் பேசினால் தமிழிலேயே எழுதுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். உண்மையில் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். "உன்னையெல்லாம் வேலைக்கு எடுத்தவனச் சொல்லணும், நாளைக்கு கேட்டுக்கு உள்ள வந்து பாரு" என்று சூப்பர்வைசர் சொன்னதாக ஒரு ஆபரேட்டர் புகார் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆங்கிலத்தில் 'தகாத வார்த்தைகள் பேசினார்' என்ற பொருளில் ஒரு வரியாகச் சுருக்கிவிட்டால், வேலை போய்விடும் என்ற மிரட்டல் அதிலிருந்து காணாமல் போகிறது. மூன்று மாதம் கழித்து உள்விசாரணையில் அவர் அந்தச் சொற்களை அப்படியே சொல்லும்போது, "புகாரில் இல்லாததை இப்போது சேர்க்கிறார்" என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் நாகரிகம் பார்க்காமல் அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடம் கொடுங்கள்.

அன்றைக்கே சிசிடிவி பதிவை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் 15 முதல் 30 நாளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். வருகைப் பதிவு, ஷிப்ட் பட்டியல், மெஷின் ஒதுக்கீட்டுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும். வாட்ஸ்அப் செய்தி என்றால் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதாது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த உரையாடல் முழுவதும் தேதியோடு வேண்டும்.

இருவரையும் பிரித்து வைக்க வேண்டியிருந்தால் புகார்தாரரை வேறு பிரிவுக்கு மாற்றாதீர்கள். அவராகக் கேட்டால் ஒழிய, புகார் கொடுத்ததற்குக் கிடைத்த தண்டனையாகத்தான் ஊழியர்கள் அதைப் பார்ப்பார்கள். அடுத்த புகார் வராது.

விசாரிப்பவர் யார்?

மேற்கு வங்கத்தின் மீன்கிளாஸ் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் மேலாளர்களைத் தாக்கியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தாக்கப்பட்டதாகச் சொன்ன அதே மேலாளர்கள்தான் விசாரணையும் நடத்தினார்கள். தொழிலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்களே தவிர, குற்றச்சாட்டுக்கு ஆதரவாக ஒரு சாட்சியைக்கூட அவர்கள் முன்னிலையில் விசாரிக்கவில்லை. 1963இல் உச்ச நீதிமன்றம் அந்த விசாரணையை ஏற்க மறுத்தது. குற்றச்சாட்டு என்ன என்பதோடு, அதற்கு ஆதரவாக யார் என்ன சொல்கிறார்கள் என்பதும் குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தெரிய வேண்டும், அவர்களைக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் வேண்டும் என்றது. அறுபது ஆண்டுகள் தாண்டியும் இதே தவறு நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே புகார்தாரர், சாட்சி, புகாருக்கு உள்ளானவரின் நேரடி மேலதிகாரி, இவர்களில் யாரோடும் நெருக்கமோ பகையோ உள்ளவர், எல்லோரையும் தவிருங்கள். உண்மையறிதலைச் செய்தவரையே உள்விசாரணை அதிகாரியாகவும் போடாதீர்கள். அவர் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருப்பார். சிறிய நிறுவனத்தில் ஆளே இல்லையென்றால் வெளியிலிருந்து, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரை அமர்த்தலாம். நிர்வாகம் அவருக்குக் கட்டணம் கொடுப்பதாலேயே அவர் ஒருதலைப்பட்சமானவர் ஆகிவிடமாட்டார். ஆனால் நிர்வாகத்தின் வழக்கை எடுத்துச் சொல்லும் பிரதிநிதியாகவும் அவரே செயல்பட்டால் ஆகிவிடுவார்.

உண்மையறிதல்

வரிசை: முதலில் புகார்தாரர், பிறகு நேரில் பார்த்தவர்கள், கடைசியாகப் புகாருக்கு உள்ளானவர். அறையில் இரண்டு பேர் போதும், ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. எம்.டி. கேபினில் வைக்காதீர்கள். ஷிப்ட் நேரத்துக்குள் கூப்பிடுங்கள். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு உட்கார்ந்திருப்பவர் எப்போது விடுவார்கள் என்று பார்ப்பாரே தவிர, நினைவுபடுத்திச் சொல்லமாட்டார்.

பதிலை வாயில் எடுத்துக்கொடுக்கிற கேள்விகளைக் கேட்கக்கூடாது. "அவர் உங்களை மிரட்டினாரா?" என்றால் ஆமாம், இல்லை என்பதோடு முடிந்துவிடும். "திங்கட்கிழமை ஷிப்ட் மாறும்போது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு "எங்கே நின்றிருந்தீர்கள்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? மெஷின் ஓடிக்கொண்டிருந்ததா?" என்று உள்ளே போங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் இருபதடி தள்ளி நின்றவருக்கு என்ன காதில் விழுந்திருக்கும் என்று பிற்பாடு யாராவது கேட்பார்கள்.

சாட்சிகளில் பலர் "நான் பார்க்கல சார்" என்பார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால் நிச்சயம் அப்படித்தான் சொல்வார். அவருடைய அடுத்த மாத வேலை அந்த சூப்பர்வைசர் கையில் இருக்கிறது. கட்டாயப்படுத்தாதீர்கள். "யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று பொய் வாக்குறுதியும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் உள்விசாரணை வந்தால் அவர் எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விசாரணைக்குத் தேவையானவர்களுக்கு மட்டும் தெரியவரும், சாட்சி சொன்னதற்காக உங்கள் வேலைக்குப் பாதிப்பு வந்தால் அதைத் தனிக் குற்றமாக எடுப்போம். இதை எழுத்தில் கொடுங்கள்.

மிரட்டல் புகாரில் ஒவ்வொரு சம்பவமும் தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஒரு நாள் கத்தினார், ஒரு நாள் டீ இடைவேளை கொடுக்கவில்லை, இவ்வளவுதானா என்று தோன்றும். அதனால் ஒரு காலவரிசைத் தாள் போடுங்கள்: தேதி, ஷிப்ட், இடம், சொன்ன சொல் அல்லது செய்த செயல், உடனிருந்தவர், ஆதாரம். பத்துப் பன்னிரண்டு வரிகள் நிரம்பும்போது, லீவு கேட்ட மறுநாளெல்லாம் அதே மெஷின் ஒதுக்கப்பட்டிருப்பது மாதிரியான ஒரு தொடர்ச்சி கண்ணில் படும், அல்லது அப்படி எதுவும் இல்லை என்பது தெரியவரும். இரண்டுமே பயனுள்ள விடைகள்.

கண்டிப்பான மேற்பார்வைக்கும் மிரட்டலுக்கும் வித்தியாசம் பார்க்க மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். பேச்சு வேலையின் குறையைப் பற்றியதா, ஆளின் குடும்பம், ஊர், உடம்பு, படிப்பு பற்றியதா? அதே தவறைச் செய்த மற்றவர்களை எப்படி நடத்தினார்? தனியாகச் சொல்லியிருக்கக் கூடியதை வேண்டுமென்றே எல்லோர் முன்னாலும் சொன்னாரா? உற்பத்தி குறைந்ததற்கு விளக்கம் கேட்பது சூப்பர்வைசரின் வேலை. அதைச் செய்ததற்காக அவர் மேல் நடவடிக்கை எடுத்தால் அவருக்கு அநீதி செய்கிறீர்கள்.

சஸ்பென்ஷன் தேவையா?

எல்லாப் புகாருக்கும் தேவையில்லை. புகாருக்கு உள்ளானவர் உள்ளே இருந்தால் சாட்சிகளைக் கலைப்பார், அல்லது மறுபடி மோதல் வரும் என்றால் மட்டும் செய்யுங்கள். அது தண்டனை இல்லை என்பதை உத்தரவிலேயே எழுதி, பிழைப்பூதியத்தை (சஸ்பென்ஷன் காலத்தில் பிழைப்புக்காகக் கொடுக்கும் தொகையை) மாதாமாதம் தவறாமல் கொடுங்கள். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டம் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் 50 சதவீதம், 180ஆம் நாள் வரை 75 சதவீதம், அதற்கு மேல் முழுச் சம்பளம் என்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, சஸ்பெண்ட் செய்த நாளிலிருந்து 90 நாளுக்குள் விசாரணையைச் சாதாரணமாக முடித்துவிட வேண்டும் என்கிறது. அதன்படி பிழைப்பூதியம் 90 நாள் வரை 50 சதவீதம், தாமதத்துக்குத் தொழிலாளி காரணமில்லை என்றால் அதன்பின் 75 சதவீதம். தொழிலாளிக்குச் சாதகமான விகிதத்தைக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கோலார் தங்கச் சுரங்கத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த பால் அந்தோணி சஸ்பெண்ட் செய்யப்பட்டு, பிழைப்பூதியமும் கிடைக்காததால் கேரளத்திலிருந்து விசாரணைக்கு வந்துபோகக் கையில் காசில்லாமல் இருந்தார். விசாரணை அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை

நிதானமாக எழுத வேண்டிய ஒரே தாள் இது. வழக்கமாகக் காணப்படும் வாசகம்: "தாங்கள் சக ஊழியர்களிடம் தொடர்ந்து மோசமாக நடந்துகொள்வதாகத் தெரியவருகிறது. ஏன் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று 24 மணி நேரத்தில் விளக்கவும்." இதில் எத்தனை ஓட்டை! யாரிடம், எப்போது, என்ன செய்தார் என்று இல்லை. தண்டனையை முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. ஒரு நாளில் யாரும் ஒழுங்காகப் பதில் எழுத முடியாது.

அதையே இப்படி எழுதலாம்: "மார்ச் 4ஆம் தேதி இரண்டாம் ஷிப்டில், மாலை சுமார் 5.30 மணிக்கு, பேக்கிங் பிரிவு இரண்டாம் லைன் அருகே, ஆபரேட்டர் இன்னாரைப் பார்த்து, மற்ற ஊழியர்கள் முன்னிலையில், பின்வரும் சொற்களைக் கூறியதாகக் குற்றம்சாட்டப்பட்டுள்ளது." பிறகு சொன்ன சொற்கள் அப்படியே. பிறகு நிலையாணையின் பிரிவு எண். ஒவ்வொரு சம்பவமும் தனிக் குற்றச்சாட்டாக, எண்ணிட்டு வரவேண்டும். 'கூறினீர்கள்' என்று தீர்ப்பாக எழுதாமல் 'கூறியதாக' என்று நிறுத்துங்கள். புகாரின் நகலையும் நீங்கள் நம்பியிருக்கும் ஆவணங்களையும் இணைத்து, அவருக்குப் புரியும் மொழியில் கொடுங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளிக்குத் தமிழ்க் குறிப்பாணை கொடுத்துக் கையெழுத்து வாங்குவது, கொடுக்காததற்குச் சமம். பதிலளிக்க ஏழு நாளாவது விடுங்கள். நிலையாணை அதைவிடக் குறைவாகச் சொன்னாலும் கூடுதலாகக் கொடுப்பதால் எதுவும் கெடாது.

உள்விசாரணை நாள்

தொடக்கத்தில் புகாருக்கு உள்ளானவருக்குக் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று பதியுங்கள். துணைக்கு ஒரு சக ஊழியரை வைத்துக்கொள்ள விரும்புகிறாரா என்று கேட்டு, அந்தப் பதிலையும் பதியுங்கள். வழக்கறிஞர் பொதுவாக வேண்டியதில்லை. ஆனால் நிர்வாகத் தரப்பில் சட்டம் படித்தவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் புகாருக்கு உள்ளானவருக்கும் அதே வசதியை மறுக்கக்கூடாது. 1983இல் பம்பாய்த் துறைமுக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்.

நிர்வாகத் தரப்புச் சாட்சிகள் முதலில். ஒருவர் சாட்சி சொல்லும்போது மற்ற சாட்சிகள் வெளியே இருக்க வேண்டும். ஒவ்வொருவர் சொல்லி முடித்ததும் குறுக்கு விசாரணை. புகாருக்கு உள்ளானவர் வேண்டாம் என்றால் "வாய்ப்பு அளிக்கப்பட்டது, குறுக்கு விசாரணை இல்லை என்றார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் அவருடைய சாட்சிகள், அவருடைய வாக்குமூலம். புகாருக்கு உள்ளானவரை முதலில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டுத் துளைப்பது பல விசாரணைகளில் காணப்படும் பழக்கம். நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது என்பதை அது தலைகீழாக்கிவிடுகிறது. விசாரணை அதிகாரி தெளிவுக்காகச் சில கேள்விகள் கேட்கலாம், வழக்கு நடத்தக்கூடாது.

மிரட்டல் வழக்கில் குறுக்கு விசாரணையே இன்னொரு மிரட்டலாக மாறிவிடக்கூடும். கேள்வியை விசாரணை அதிகாரியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், அவர் அதைச் சாட்சியிடம் கேட்கட்டும். குரல் உயர்ந்தால் நிறுத்தி அதைப் பதிவிலேயே எழுதுங்கள். கேள்வியின் பொருளை மட்டும் வெட்டாதீர்கள்.

அன்றைய நடவடிக்கைகளை அன்றே எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்திட்டு, நகல் கொடுக்க வேண்டும். புகாருக்கு உள்ளானவர் வரவில்லை என்றால் ஸ்பீட் போஸ்ட்டில் மறுதேதி தெரிவியுங்கள். மறுபடியும் வராமல் ஒருதலைப்பட்சமாக நடத்த நேர்ந்தாலும் சாட்சிகளை விசாரித்தே தீர வேண்டும். வராததால் குற்றம் நிரூபணமாகிவிடாது.

அறிக்கையும் தண்டனையும்

அறிக்கையில் ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனியாக எடுங்கள். ஆதரவாக வந்தது, எதிராக வந்தது, எதை நம்புகிறோம், ஏன். குற்றவியல் நீதிமன்றத்தில்போல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆதாரம் காட்டினால் போதும். "சாட்சி ஒன்று நம்பத்தகுந்தவர்" என்று மட்டும் எழுதுவது காரணம் ஆகாது. "சாட்சி ஒன்று சொன்ன நேரம் ஷிப்ட் பதிவோடு பொருந்துகிறது, சாட்சி மூன்று அன்று விடுப்பில் இருந்தது வருகைப் பதிவில் தெரிகிறது" என்பது காரணம். தண்டனையைப் பரிந்துரைக்காதீர்கள், அது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரியின் வேலை.

தண்டனை முடிவாகும் முன் அறிக்கையின் நகலைப் புகாருக்கு உள்ளானவருக்குக் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அவருடைய பழைய எச்சரிக்கைக் கடிதங்களைக் கணக்கில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதையும் அந்த நோட்டீஸிலேயே குறிப்பிடுங்கள். தண்டனை குற்றத்தின் அளவுக்கு மீறியது என்று தோன்றினால் அதைக் குறைக்கும் அதிகாரம் 1971 முதல் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு உண்டு.

உள்ளகக் குழுவில் இருப்பவர்களுக்கு

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். புகார் நகல் ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும், பதிலுக்குப் பத்து வேலை நாள். விசாரணை 90 நாளில், அறிக்கை அதிலிருந்து 10 நாளில், நிர்வாகத்தின் நடவடிக்கை 60 நாளில். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. சமரசம் புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே, அதிலும் பணம் கைமாறக்கூடாது. காலக்கெடு இருக்கிறதே என்று அவசர அவசரமாக முடித்துவிடவும் கூடாது. எதிர்த்தரப்புக்குப் போதிய அவகாசம் தராமல் நாளுக்கு நாள் அமர்வு வைத்து முடித்த ஒரு கோவா பல்கலைக்கழக விசாரணையை 2023இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடி தொடரச் சொன்னது.

முடிந்த பிறகு

புகார்தாரருக்கு முடிவைச் சொல்லுங்கள். நிரூபணம் ஆகவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் நேரில் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும். நிரூபிக்க முடியாமல் போனதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மற்ற மிரட்டல் புகார்களிலும் அதே அளவுகோலை வையுங்கள். குற்றம் நிரூபணமாகாத சூப்பர்வைசருக்கும் எழுத்தில் அதைத் தெரிவித்து, சஸ்பென்ஷனில் இருந்த காலத்துச் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் ஷிப்ட் பட்டியல், ஓவர்டைம் ஒதுக்கீடு, லீவு மறுப்புகள் ஆகியவற்றை எடுத்துப் பாருங்கள். பழிவாங்கல் பெரும்பாலும் வாய்ச்சொல்லாக வராது. சாட்சி சொன்ன இரண்டு பேருக்கும் திடீரென்று ஓவர்டைம் நின்றுபோயிருக்கும், காண்ட்ராக்டர் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருக்கும். கண்ணில் பட்டால் அதற்குத் தனி கோப்பு திறந்து, முதல் நாள் வேலையிலிருந்து தொடங்குங்கள்.